பதினைந்து நாள் மேடை

மைக்கை என் கையில் கொடுக்கும்போது தலைவர் என் காதில் எதையோ சொல்ல எக்கினார். எட்டவில்லை. என் தோள்வரைக்கும்தான் வந்தார். கடைசியில் ரகசியமாகச் சொல்ல நினைத்ததை மைக்கிலேயே சொல்லிவிட்டார்.

"ரெண்டு வார்த்த பிரெஞ்சுல பேசும்மா. ஜனங்க ஆசப்படுது."

ரெட்டியார்பாளையத்தில் ஒரு பள்ளி மைதானம். சாயங்கால நேரம். கூடைப்பந்தாட்டப் பரிசளிப்பு விழா. மேடையை ஆடுகளத்தின் நட்டநடுவிலேயே போட்டிருந்தார்கள். அதனால் மூன்று நாளாக அங்கே யாரும் கூடைப்பந்து ஆடவில்லை. ஷாமியானாத் துணியில் மழையில் நனைந்து காய்ந்த வாடை. என் கழுத்தில் சம்பங்கி மாலை. அதிலிருந்த எறும்புகள் டிராக் சூட் காலருக்குள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

முன்வரிசையில் அப்பா, வெள்ளைச் சட்டையில். பக்கத்தில் தம்பி. மூன்றாவது வரிசையில் எங்கள் தெரு ரொசாலி மதாம். பிரான்சில் இருபது வருஷம் குடியிருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அந்தக் கூட்டத்தில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

தலைவர் அப்போதுதான் என்னை "பிரான்ஸ் நாட்டுக் கூடைப்பந்து அணியின் தூண்" என்று வர்ணித்து முடித்திருந்தார். எனக்கோ வேலையே இல்லை. பிரான்சிலும் இல்லை, புதுச்சேரியிலும் இல்லை. இது அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரு மாதமாக என் முழுநேர உத்தியோகம்.

மைக்கோடு நான் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கட்டும். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். சென்ற வாரம் இந்தத் தொடரில் என் முட்டித் தசைநார் கிழிந்த கதையைப் படித்துவிட்டு, "நீங்கள் பிரான்ஸ் போய் ஆடியதாகச் சொன்னார்களே, அதை ஏன் மறைக்கிறீர்கள்?" என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். மறைக்கவில்லை ஐயா. தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு.

வளர்மதி, போதும்

அப்பா எனக்கு வளர்மதி என்று பெயர் வைத்தார். கொஞ்சம் யோசித்து வைத்திருக்கலாம். பத்தாம் வகுப்பில் ஐந்தடி பதினொன்று. அதற்குப் பிறகும் விடாமல் போய் ஆறடி ஓரங்குலத்தில்தான் நின்றேன். "வளர்மதி, போதும்" என்று வகுப்பில் கத்துவார்கள். தெருவில் போனால் மேலே மழை பெய்கிறதா என்று கேட்பார்கள். நான் பெய்கிறது என்று சொல்லித் துப்பிக் காட்டுவேன். அம்மாவுக்கு இதெல்லாம் சிரிப்பு இல்லை. நான் வாசக்காலில் இடித்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் எங்கோ ஒரு மாப்பிள்ளை வேறு வீட்டுக்குப் போவதாக அவள் நினைத்தாள்.

அப்பா மில்லில் தறி ஓட்டியவர். நான் ஆறாவது படிக்கும்போது மில் மூடியது. குடியிருந்த இடத்தை விட்டுவிட்டு மூலக்குளத்துப் பக்கம் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். அப்பா ஒரு ஏ.டி.எம். வாசலில் காவலாளி ஆனார். உள்ளே போகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, அவர்கள் பணம் எடுக்கும்போது மரியாதையாகத் திரும்பி நிற்பார்.

கூடைப்பந்தை நான் தேடிப் போகவில்லை. எங்கள் பள்ளி பி.டி. சார் ஒருநாள் பிரேயரில் வரிசையைப் பார்த்தார். மற்றவர்களின் தலைக்கு மேல் என் கழுத்து தெரிந்தது. சாயங்காலம் மைதானத்துக்கு வா என்றார். போனேன். "ரிங்குக்குக் கீழ நில்லு. பந்து வந்தா மேல வை" என்றார். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த மொத்த ஆட்டமும் அவ்வளவுதான். ஐந்து வருஷத்தில் அதற்கு மேல் ஒரு வாக்கியம் அவர் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நின்றால் உள்ளங்கால் வெந்துபோகும். உப்புக்காற்றில் ரிங் துருப்பிடித்து, வலையும் இல்லாமல் தொங்கும். பந்து அதில் பட்டால் துரு உதிர்ந்து கண்ணில் விழும். இருந்தாலும் பந்து சத்தமில்லாமல் உள்ளே இறங்குகிற அந்த ஒரு நொடி எனக்குப் பிடித்தது. இந்த உயரம் எதற்காவது ஆகும் என்று எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை.

ஏணி உத்தியோகம்

வெளிநாட்டில் தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் ஆடுவதுதான் தொழில். நம் ஊரில் அப்படி இல்லை. காலையில் ஆடிவிட்டு, பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, ஐந்தே முக்காலுக்கு மறுபடி ஆடப் போகிறவருக்குத்தான் இங்கே அந்தப் பெயர். எனக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் ஓய்வுபெற்றவர்கள்கூட எழுந்து வந்து மெமோ கொடுப்பார்கள்.

அலுவலக அணிக்கு நான்தான் சென்டர். ரிங்குக்குக் கீழே நிற்பவள். அலுவலகத்துக்குள்ளும் கிட்டத்தட்ட அதே வேலைதான். பிரிவு அலுவலர் என்னை உட்காரவிட மாட்டார். "வளர்மதி, மேல்தட்டு ஃபைல எடும்மா." அந்த அலமாரியின் மேல்தட்டில் நாற்பது வருஷத்துத் தூசு இருந்தது. அதை முழுக்க மூக்கால் துடைத்தவள் நான். மின்விசிறியில் ஒட்டடை அடிக்கக் கூப்பிட்டார்கள். ஆயுதபூஜைக்கு மேலே மாவிலை கட்டக் கூப்பிட்டார்கள். கடிகாரம் நின்றால் கூப்பிட்டார்கள்.

எவ்வளவு நக்கலடித்தாலும் அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. வாடகை, தம்பியின் படிப்பு, அம்மாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் அதில்தான். அப்பா என் அடையாள அட்டையை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து ஆணியில் மாட்டுவார். மாட்டிவிட்டு ஒரு தரம் தள்ளி நின்று பார்ப்பார்.

அனுமதியின்றி உயர்த்தியது

என்னை ஒரு வருஷம் ஆட்டத்திலிருந்து தள்ளிவைத்த கதையைப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். நடந்தது இதுதான். மாநில அணித் தேர்வு. தேர்வுக்குழுவில் ஒருவர், தன் அண்ணன் மகளை சென்டராக எடுத்துவிட்டார். அந்தப் பெண் ஐந்தடி இரண்டங்குலம். நல்ல பெண். அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

நான் போய் அவளை இடுப்பில் பிடித்து ரிங்கை நோக்கித் தூக்கினேன். "இப்ப எட்டுதாம்மா?" என்று கேட்டேன். அவள் பாவம், பக்கென்று சிரித்துவிட்டாள். மைதானமே சிரித்தது.

மூன்று நாளில் நோட்டீஸ் வந்தது. "சக வீராங்கனையை அனுமதியின்றி உயர்த்தியது" என்று குற்றச்சாட்டு எழுதியிருந்தார்கள். நான் விளக்கம் எழுதினேன்: உயர்த்தியது உண்மை, ஆனால் எனக்கு முன்பே குழு உயர்த்திவிட்டது. அந்த ஒரு வரிக்காகத் தண்டனை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷமானது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கத் தெரிந்திருந்தால் இந்தத் தொடரை எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது.

தண்டனை முடிந்து ஆடத் திரும்பி வந்த பிறகுதான் முட்டி போயிற்று. அதைச் சென்ற வாரமே எழுதிவிட்டேன்.

நூற்றுத் தொண்ணூற்றாறு மார்க்

கடற்கரைக்குச் சுற்றுலா வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் ஒருநாள் காலை எங்கள் பயிற்சியைப் பார்த்தபடி நின்றார். அவர் ஊரில் ஒரு சின்ன கிளப்புக்குப் பயிற்சியாளராம். என் மின்னஞ்சல் முகவரியை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மூன்றே வரி, பிரெஞ்சில்.

அப்போதெல்லாம் கைப்பேசி பேசுவதற்கு மட்டும்தான். எதையும் மொழிபெயர்த்துக் காட்டாது. பிரவுசிங் சென்டரில் கடிதத்தை அச்செடுத்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். வீட்டிலேதான் பண்டிதன் இருக்கிறானே.

தம்பி குமரேசன் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தவன். எங்கள் ஊரில் பிரெஞ்சு எடுப்பது பிரெஞ்சு கற்றுக்கொள்ள அல்ல, மார்க் வாங்க. தமிழ் எடுத்தால் திருத்துகிறவர் ஒற்றுப்பிழைவரை பார்ப்பார். பிரெஞ்சு எடுத்தால் ஆறு கட்டுரையை உருப்போட்டுக் கக்கினால் போதும். குமரேசன் கக்கினான். இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. அந்த நாலு மார்க் எங்கே போனது என்று அம்மா ரொம்ப நாள் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் வரி வணக்கம். அதைச் சரியாகப் படித்தான். இரண்டாவது வரியில் "பதினைந்து நாள்" என்று இருந்தது. அதையும் சரியாகப் படித்தான். அதற்கு முன்னால் ஒரு சொல், ஆங்கிலத்தில் ஸ்டேஜ் என்று எழுதுகிற அதே எழுத்துகள்.

"பதினஞ்சு நாள் மேடக்கா. ஒனக்கு அங்க மேட போட்டுக் குடுக்கறாங்க."

மூன்றாவது வரியில் 'ஃப்ரே' என்று ஒரு சொல். பாடப்புத்தகத்தில் அதற்கு ஃப்ரெஷ், புதுசு என்று போட்டிருந்ததாம். வரியின் முடிவில் 'உங்கள் ஷார்ஜ்'. குமரேசன் இரண்டையும் கோத்தான். புதிதாக வந்திருக்கும் பெண்கள் எல்லாம் என் சார்ஜில். ஆக, அக்காதான் கேப்டன்.

விமான டிக்கெட்டை யார் எடுப்பது என்று கேட்டு எழுதினோம். அந்த மூன்றாவது வரியையே மறுபடி அனுப்பினார்கள். பார், திரும்பத் திரும்ப நீதான் இன்சார்ஜ் என்று அழுத்திச் சொல்கிறார்கள் என்றான் தம்பி. அம்மா சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள்.

ரொசாலி மதாம் மட்டும் கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்கே வந்து, அப்பா டூட்டிக்குப் போயிருந்த நேரத்தில் அம்மாவிடமும் என்னிடமும் சொன்னார்.

"அத ஸ்தாஜ்னு படிக்கணும்டி. ஸ்தாஜ்னா சும்மா பழகிப் பாக்கறது. சம்பளம் கெடையாது. செலவெல்லாம் ஒன்னுதுன்னுதான் மூணாவது வரியில எழுதியிருக்கான். லீவு போட்டுட்டுப் போயிட்டு வா. வேலய மட்டும் வுட்டுடாத."

இதைவிடத் தெளிவாக ஒருத்தர் தமிழில் பேச முடியாது. அவர் படியிறங்கியதும் அம்மா சொன்னாள், அவர் பையனுக்கு அங்கே ஒரு வேலையும் அமையவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல் என்று. நானும் ஆமாம் என்றேன். பிரான்சில் இருபது வருஷம் இருந்தவரைவிட நூற்றுத் தொண்ணூற்றாறு மார்க் எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

லீவு கேட்டேன். பிரிவு அலுவலர் பழைய தண்டனையைக் காட்டி முடியாது என்றார். பேனாவை எடுத்து ராஜினாமா எழுதினேன். இரண்டு வரி. வேலையிலிருந்து விலகுகிறேன். மேல்தட்டுக்கு இனிமேல் ஏணி வாங்கிக்கொள்ளவும். அதைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது எனக்கு இன்னும் இரண்டங்குலம் கூடியது போலிருந்தது. வீட்டில், நீண்ட விடுப்பு கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அப்பாவிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

தலைவர் இந்த இடத்தில்தான் வருகிறார். எந்தத் தேர்தலிலும் ஜெயிக்காத, எல்லாப் பேனரிலும் இருக்கிற தலைவர். டிக்கெட்டுக்கு உதவுவதாகச் சொன்னவர் மூலக்குளத்தில் இருபதடி பேனர் வைத்து உதவினார். "பிரான்ஸ் மேடையேறும் புதுவைப் புயலே!" அதில் பதினாறடி அவர். மீதி நாலடியில் நான். என் வாழ்க்கையில் நான் குள்ளமாக இருந்த ஒரே இடம் அதுதான்.

ஓடுங்கடி

விசா கொடுக்கிற இடத்தில் எதற்குப் போகிறாய் என்று கேட்டார்கள். ஸ்டேஜ் என்றேன். ஸ்தாஜ் என்று திருத்தினார் அந்த ஆள். ஓ, இவர்கள் வாயில் அப்படித்தான் வரும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஊர் உள்விளையாட்டரங்கம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. மரத்தரை. மெழுகு வாசனையும் ரப்பர் வாசனையும் கலந்து அடித்தது. வலை வெள்ளை வெளேரென்று இருந்தது. பந்து உள்ளே போனால் புடவை உதறுவதுபோல ஒரு சத்தம்.

பதினான்கு பெண்கள் நின்றார்கள். எல்லாம் பதினேழு, பதினெட்டு வயது. எனக்கு இருபத்தேழு. பயிற்சியாளர் இன்னும் வரவில்லை. புதுசு எல்லாம் உன் சார்ஜ் என்றுதானே கடிதம். நான் நடுவில் போய் நின்று கையைத் தட்டினேன். விரலால் வட்டம் போட்டுக் காட்டினேன்.

"ஓடுங்கடி" என்றேன்.

ஓடினார்கள். தமிழில் அதட்டினால் எந்த நாட்டுப் பிள்ளையும் ஓடும். பன்னிரண்டு சுற்று. ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கு இன்னும் இரண்டு சுற்று கொடுத்தேன். புதிதாக வந்த உதவிப் பயிற்சியாளர் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

பயிற்சியாளர் வந்தார். பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு ஆளுக்கொரு எண் பனியன் கொடுத்தார். கடைசிப் பெயர் என்னுடையது. பதினைந்தாம் எண். பதினான்கு பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருத்திக்கு ஆங்கிலம் தெரியும். நான்தான் இன்சார்ஜ் என்று அவளிடம் சொன்னேன். அவள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, மெதுவாக, புண்படுத்தாமல் விளக்கினாள். ஃப்ரே என்றால் இங்கே புதுசு இல்லை. செலவு. உன் செலவை நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம். ஸ்தாஜ் என்றால் என்ன என்று நான் அவளைக் கேட்கவில்லை. மதாம் சொன்ன தமிழ் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பதினைந்து நாளும் ஆடினேன். மூன்றாம் நாள் முட்டி வீங்கியது. கடைசி நாள் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், பழகிப் பார்த்ததற்கு. பயிற்சியாளர் கை குலுக்கி, நல்லபடியாகப் போய் வாருங்கள் என்பதுபோல் எதையோ சொன்னார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். ஆறடிக்காரி அழுதால் எல்லாருக்கும் தெரியும், குனிந்து அழவும் இடம் போதவில்லை.

வக்கான்ஸ்

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றபோது அப்பாவும் டூட்டி முடிந்து வந்துகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தெருவைப் பார்த்துச் சொல்லிவிட்டார்: "பாப்பா வக்கான்ஸ்ல வந்திருக்கு."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வக்கான்ஸ் என்றால் எங்கள் ஊரில் லீவு என்று மட்டும் அர்த்தமில்லை. பிரான்சில் வேலையோடு இருக்கிறவர்கள் ஊருக்கு வந்து ஒரு மாதம் சென்ட் வாசனையோடு திரிகிற அந்தஸ்துக்கு வக்கான்ஸ் என்று பெயர். வேலை இல்லாதவருக்கு வக்கான்ஸ் கிடையாது. சும்மா இருக்கிறார் என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் நான் பூந்துகொண்டேன். பதினைந்தே நாளில் எந்த வேலையில் லீவு கொடுப்பார்கள் என்று தெருவில் யாரும் கேட்கவில்லை.

ஒரு மாதம் ராஜ உபசாரம். பக்கத்து வீட்டில் மீன் குழம்பு வைத்தால் எனக்கொரு கிண்ணம். விமான நிலையத்தில் வாங்கிய ஒரே ஒரு சாக்லேட் பெட்டியைத் தெரு முழுக்கப் பங்கிட்டாள் அம்மா. இருபத்தேழு வயதுவரை எட்டிப்பார்க்காத மாப்பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் ஐந்தடி நாலங்குலம். உயரமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்றார். விசா உண்டா என்று மட்டும் கேட்டார். பிரான்ஸ் விசா இருந்தால் எந்தப் பெண்ணும் ஒன்பது அங்குலம் குறைந்துவிடுவாள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் அலுவலகத்துக்குப் போனேன். என் ராஜினாமா எங்காவது ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருக்கும், கையில் காலில் விழுந்து திரும்ப வாங்கிவிடலாம் என்று ஒரு நப்பாசை. என் பயணப்படி ஃபைல் மூன்று வருஷமாகத் தூங்கியது அந்தக் கட்டடத்தில்தானே. ராஜினாமாவை நாலே நாளில் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த அலுவலகத்தில் அவ்வளவு வேகமாக ஓடிய ஃபைல் வேறு எதுவும் இல்லை.

பிரிவு அலுவலர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு பேசியிருப்பேன். அவர் மூலையைக் காட்டினார்.

"ஏணி வாங்கிட்டோம்மா" என்றார்.

அலுமினியம். ஆறு படி. நன்றாகத்தான் இருந்தது.

அதற்கு மறுநாள்தான் தலைவர் வீட்டுக்கு வந்து, வக்கான்ஸ் முடிவதற்குள் ஒரு பரிசளிப்பு விழா வைத்துவிடலாம் என்றார். டிராக் சூட்டில் வரச் சொன்னார். அப்பா வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னார்.

மறுபடி மைக்

நின்றுகொண்டிருக்கிறேன். எறும்பு முதுகுக்கு வந்துவிட்டது. கூட்டம் விசிலடிக்கிறது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அந்தப் பதினைந்து நாளில் காதில் விழுந்தது மட்டும்தான். எதைச் சொல்வது? தமிழில் பேசியிருந்தால் இன்னொரு பொய்தான் சொல்லியிருப்பேன். அதில் எனக்கு அப்போது நல்ல பழக்கம். பிரெஞ்சில் பொய் சொல்லும் அளவுக்கு எனக்குச் சொற்கள் இல்லை.

"ழெ ஃபே அன் ஸ்தாஜ்" என்றேன். பழகிப் பார்க்கப் போனேன்.

கைதட்டல்.

"இல் நெ மோன் பா ப்ரி." என்னை எடுத்துக்கொள்ளவில்லை.

தலைவர் இரண்டு கையையும் தூக்கித் தட்டினார்.

"ழெ பெர்து மோன் த்ரவாய்." என் வேலை போய்விட்டது.

மைதானம் அதிர்ந்தது. பட்டாசு வெடித்தார்கள். என் தம்பி எழுந்து நின்று தட்டினான், நூற்றுத் தொண்ணூற்றாறு மார்க்கும் சேர்ந்து தட்டியது. அப்பா உள்ளங்கை சிவக்கத் தட்டிக்கொண்டு, தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் ரொசாலி மதாம் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கீழே இறங்கியதும் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஆரம்பிப்பார், வாங்கிக் கட்டிக்கொள்வோம் என்று தயாராக நின்றேன். அவர் அப்படி ஆரம்பிக்கவில்லை.

"நல்லாத்தான் சொன்ன. இப்பப் போய் ஒங்கப்பாகிட்ட தமிழ்ல சொல்லு."

சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆட்டோ ஸ்டாண்ட்

அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் கேடயமும் பொன்னாடையும். நான் பக்கத்தில் நடந்தேன். தம்பி முன்னால் போயிருந்தான். தெருவில் குழாய்த் தண்ணீர் வந்த நேரம், குடம் நிறைகிற சத்தம். பிரெஞ்சில் பேசும்போது என் உச்சரிப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று யாரோ சொன்னதை அப்பா எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

நான் சொல்லிவிட்டேன். தமிழில். நடந்துகொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல். பிரான்சில் என்னை எடுக்கவில்லை. இங்கே லீவு இல்லை, ராஜினாமா. நானேதான் எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அப்பா கேரியரில் சரிந்த கேடயத்தை நேராக வைத்தார். பிறகு சொன்னார்.

"மில்லுல அந்தப் பேப்பர எங்கிட்ட நாலு தரம் நீட்டினான். நானாத்தான் வேலய வுட்டுப் போறேன்னு எழுதின பேப்பரு. போட்டவனுக்கெல்லாம் பணம் வந்துச்சி. நான் கையெழுத்துப் போடல. கேட்டப் பூட்டற வரைக்கும் உள்ளயே நின்னேன். நீ யாரும் கேக்காமயே எழுதிக் குடுத்திருக்க."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னைத் திட்டவே இல்லை, அது வெட்கமாக இருந்தது.

மூலக்குளம் ஆட்டோ ஸ்டாண்ட் வந்தது. அங்கே ஜெயபால் என்று ஓர் ஓட்டுநர். அவரிடம் ஒரு விஷயத்தைக் காலையில் சொன்னால் மத்தியானம் வில்லியனூர்வரை போய்ச் சேர்ந்துவிடும். வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"இன்னாண்ணே, பாப்பா எப்ப பிரான்ஸ் கெளம்புது? வக்கான்ஸ் முடிஞ்சிருக்குமே?"

மற்ற ஓட்டுநர்களும் திரும்பினார்கள். என் கழுத்தில் மாலை இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். இன்னும் பத்து நாள் இருக்கிறது, பதினைந்து நாள் இருக்கிறது என்று அப்பா எதையாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். அவருக்கும் அந்தத் தெருவில்தானே முகம் காட்ட வேண்டும்.

அப்பா சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்.

"போவாதுப்பா. அது வக்கான்ஸ்ல வரல. அங்க எடுத்துக்கல. இங்க இருந்த வேலயும் போயிடுச்சி. ஒன் பொண்ணு படிக்கிற ஸ்கூல்ல வெளயாட்டு டீச்சர் கேக்கறாங்கன்னியே, ஆள் போட்டுட்டாங்களா? கேட்டுச் சொல்லு."

ஸ்டாண்டில் ஐந்து ஆட்டோ நின்றன. ஐந்து பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.